நடுப்பாதத்தில் அடிபட்டால் சுளுக்கு என்று விடாதீர்கள்
(வானொலிப் பேச்சு)

மாடு நொண்டினா அன்னிக்கே கால்நடை மருத்துவரைத் தேடி ஓடுறோம். நம்ம கால் நொண்டினா மட்டும், "சுளுக்குதான், நாலு நாள்ல சரியாப் போயிடும்"னு இருந்துடறோம். அந்த நொண்டலைப் பற்றித்தான் இன்று சொல்லப்போகிறேன்.

பாகூர்ப் பக்கம் அறுப்பு நடக்குதுன்னு வச்சுக்குவோம். நெல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பை விட்டு இறங்குகிறீர்கள். விரல்பக்கம் எலி வளையில் இறங்கிவிடுகிறது, குதிகால் தூக்கி நிற்கிறது. உங்கள் பாரமும் கட்டின் பாரமும் சேர்ந்து பாதத்தை நடுவில் மடக்கி அழுத்துகின்றன. வண்டிச் சக்கரமோ பவர் டில்லரோ பாதத்தில் ஏறினாலும் இந்த இடம் விலகலாம்.

அது எந்த இடம்? விரல்களுக்குப் பின்னால் ஐந்து நீள எலும்புகள் உண்டு. அவை உள்ளே போய் ஆப்பு மாதிரியான சிறு எலும்புகளோடு சேருகின்றன. புதுச்சேரிப் பழைய வீடுகளில் வளைவு வாசல் பார்த்திருப்பீர்கள். உச்சியில் உள்ள நடுக்கல் நழுவினால் வளைவே இறங்கிவிடும். பாதத்தில் அந்த நடுக்கல், கட்டைவிரலுக்கு அடுத்த விரலின் நீள எலும்புதான். அதன் அடியை உள்பக்கத்து ஆப்பு எலும்போடு ஒரு தடித்த நார் இழுத்துக் கட்டியிருக்கிறது. நார் அறுந்தால் எலும்புகள் அகன்று, பாத வளைவு தட்டையாகிவிடும்.

இதற்கு லிஸ்ஃபிராங்க் மூட்டு என்று பெயர். லிஸ்ஃபிராங்க் ஒரு பிரெஞ்சு அறுவை மருத்துவர். அழுகிப்போன முன்பாதத்தை இந்த மூட்டோடு எடுக்கும் முறையை 1815-ல் எழுதிவைத்தார். மயக்க மருந்து இல்லாத காலம் அது! 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். அதன் வழிவந்ததுதான் இன்று கோரிமேட்டில் உள்ள ஜிப்மர். இப்போது இந்த மூட்டில் அடிபட்டால் பாதத்தைக் காப்பாற்றத்தான் வைத்தியம்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? சுளுக்கு பெரும்பாலும் கணுக்கால் ஓரத்தில் வீங்கும். இது மேல்பாதத்தின் நடுவில் வீங்கும். நுனிக்காலில் ஊன்றி எழும்ப முடியாது. எல்லாவற்றையும்விட முக்கியம், உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் நீலம் பாய்ந்திருந்தால் அதைச் சுளுக்கென்று விடவே கூடாது.

ஒரு விஷயம் கவனமா கேளுங்க. படுத்தபடி எடுக்கும் எக்ஸ்ரேயில் விலகல் தெரியாமலே போகலாம். ஐந்தில் ஒன்று வரை முதலில் தவறிப்போவதாக மருத்துவர்கள் சொல்கிறார்கள். பாரம் ஏறினால்தான் இடைவெளி திறக்கும். "நின்னபடி, ரெண்டு காலையும் சேர்த்து ஒரு படம் எடுக்கணுமா, ஐயா?" என்று நீங்களே கேளுங்கள், தப்பில்லை. வலியில் நிற்கவே முடியாவிட்டால் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள், அல்லது பத்துப் பதினைந்து நாளில் மறுபடி வரச் சொல்வார்கள். அவசியம் போங்கள்.

எலும்பு நகரவில்லை என்றால் மாவுக்கட்டோடு போகும். ஆனால் ஆறு வாரம் போல அந்தக் காலை ஊன்றக் கூடாது. நகர்ந்திருந்தால் அறுவை செய்து, திருகாணியோ தகடோ வைத்துச் சேர்ப்பார்கள். சேற்றில் பழையபடி இறங்க மாதக்கணக்காகும். நடவு நேரத்தில் இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியாமல் சொல்லவில்லை. ஆனால் கவனிக்காமல் விட்ட பாதத்தில் மூட்டு தேய்ந்து, அப்புறம் வரப்பில் நடப்பதே வேதனையாகிவிடும்.

ஆஸ்பத்திரி போகும்வரை காலை உயர்த்தி வையுங்கள். துணியில் சுற்றிய ஐஸ்கட்டியை விட்டு விட்டு வைக்கலாம். எண்ணெய் போட்டு நீவுவது, இழுத்து விடுவது, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டுவது வேண்டவே வேண்டாம். கட்டு இறுகினால் ரத்தம் ஓடாது. விரல் சில்லிட்டாலும், மரத்தாலும், வலி நேரத்துக்கு நேரம் ஏறினாலும் விடியும்வரை காத்திராதீர்கள். ராத்திரியே வண்டி பிடியுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒன்று. உங்களுக்கு வலியே தெரியாமல் பாதம் சூடாகி வீங்கலாம். உணர்ச்சி குறைந்த காலில் எலும்புகள் தாமாகவே நொறுங்கி விலகுவதும் உண்டு. வலிக்கவில்லையே என்று அதன்மேல் நடக்காமல், அன்றைக்கே காட்டிவிடுங்கள்.