ஆட்டுக் கிடையில் ஒரே சமயத்தில் குட்டி ஈனச் செய்யும் முறை

தாமிரபரணிப் பாசனத்தில் பத்தமடை, சேரன்மாதேவி முதலிய ஊர்களில், அறுவடை முடிந்த வயல்களில் கிடை அமர்த்துவதன் பயனை மிராசுதார்கள் நன்கறிவர். வயலுக்கு எரு எவ்வளவு முக்கியமோ, ஆடு வைத்திருப்போருக்குக் குட்டிகள் அவ்வளவு முக்கியம். ஆனால் ஆண்டு முழுவதும் கிடாய்களைப் பெட்டைகளுடன் கலந்து விடுவதால் குட்டிகள் கண்ட மாதங்களில் பிறக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரத்தரையில் விழும் குட்டி எளிதில் மடிகின்றது.

பெட்டையாடு ஏறக்குறைய 17 நாட்களுக்கொருமுறை பருவத்திற்கு வரும். அப்பருவம் ஒன்று அல்லது ஒன்றரை நாள் நிற்கும். சினைக்காலம் சுமார் 150 நாட்கள். ஆகவே வைகாசி நடுவில் சினைப்பட்ட ஆடு ஐப்பசி மழையில் ஈனும். புரட்டாசியில் சினைப்பட்டதோ பிசான அறுவடையை ஒட்டி, மாசியில் ஈனும்.

எல்லா ஆடுகளையும் ஒருங்கே பருவத்திற்கு வரச் செய்வது எங்ஙனம்? பருவம் கழிந்தபின் சூலகத்தில் உண்டாகும் மஞ்சள் திரள் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றது. அது இரத்தத்தில் மிகுந்துள்ளவரை மறுபருவம் வாராது. இந்த ஹார்மோன் ஏற்றிய பஞ்சை யோனியினுள் 12 முதல் 14 நாட்கள் வைத்திருந்து ஒரே நாளில் எடுத்துவிட்டால், தடை நீங்கிப் பெரும்பாலான ஆடுகள் இரண்டு மூன்று நாட்களில் பருவமடையும். 1960-களில் ஆஸ்திரேலியாவில் உருவான இம்முறையை, 1962-இல் ஏற்பட்ட ராஜஸ்தான் அவிகாநகர் மத்திய செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையத்தார் நம் நாட்டு ஆடுகளுக்கு ஏற்பச் சோதித்து, பஞ்சையும் இங்கேயே தயாரித்துள்ளனர்.

கவனிக்க வேண்டியவை:

1. பஞ்சு வைப்பதைக் கால்நடை மருத்துவரே செய்தல் வேண்டும். சினையாடுகளை முன்னதாகவே பரிசோதித்து விலக்குக.

2. வழக்கமாக 30 பெட்டைகளுக்குப் போதுமான ஒரு கிடாய் இங்கே போதாது; பத்துக்கு ஒன்றேனும் வேண்டும். கிடாய் குறைந்தால் மந்தையைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் செய்க.

3. மெலிந்த ஆட்டிற்கு ஹார்மோன் தீனியாகாது. சேர்க்கைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தானியம் சேர்த்துக் கொடுக்கவும். குட்டிகள் ஒருமிக்கப் பிறக்கும் வாரத்தில் தாய்களுக்குத் தீனியில்லையேல் நஷ்டமும் ஒருமிக்கவே வரும்.

செலவு செய்ய இயலாதோர், கிடாய்களை ஒரு மாதம் பெட்டைகளின் கண்ணுக்கும் மோப்பத்திற்கும் எட்டாமல் பிரித்து வைத்துப் பின்னர் விடலாம். பருவமின்றி நிற்கும் பெட்டைகள் பல இதனால் தூண்டப்படும். ஹார்மோன் முறையைப்போல் நாள் குறித்து அமையாவிடினும், மழைக்காலக் குட்டிகளைக் குறைக்க இதுவே முதற்படியாகும். கிராம அதிகாரிகள் இதனைக் கிடைக்காரர்களுக்கு எடுத்துரைப்பார்களாக.