மயூர் விஹாரில் சந்திக்கும் இரண்டு பாதைகள்

கிழக்கு தில்லியின் மயூர் விஹார்-1 மெட்ரோ நிலையத்தில் சந்திக்கும் நீலத் தடமும் இளஞ்சிவப்புத் தடமும் நிறத்தில் மட்டுமன்றித் தண்டவாளங்களுக்கு இடையிலான அகலத்திலும் வேறுபட்டவை. 2009 நவம்பரில் திறக்கப்பட்ட நீலத் தடப் பகுதி, இந்திய ரயில்வே பயன்படுத்தும் 1,676 மில்லிமீட்டர் பிராட்கேஜ் பாதையாகும். 2018 டிசம்பர் 31 அன்று இங்கு வந்து சேர்ந்த இளஞ்சிவப்புத் தடமோ, உலகின் பெரும்பாலான மெட்ரோக்களுக்கு உரிய 1,435 மில்லிமீட்டர் ஸ்டாண்டர்டு கேஜ் பாதையாகும். இந்த வேறுபாட்டுக்குக் காரணம், தில்லி மெட்ரோவை உருவாக்கிய ஈ. ஸ்ரீதரன் தோற்றுப்போன ஒரு வாதம். உறுதியான தலைமை எது என்பதை அவருடைய வெற்றிகளைக் காட்டிலும் அந்தத் தோல்வியே நன்கு புலப்படுத்துகிறது.

1932-இல் பாலக்காடு மாவட்டத்தில் பிறந்த ஸ்ரீதரன், சொந்த முதலிட்டுத் தொழில் தொடங்கியவர் அல்லர். ஆயினும் நாட்டில் அதிகம் பரவாதிருந்த ஒரு தொழில்நுட்பத்தை ஒரு நிறுவனமாக்கி நிலைநிறுத்தியவர் என்ற வகையில் தொழில்முனைவோர் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர். தமிழகம் அவரை முன்பே அறியும். 1964 டிசம்பர்ப் புயலில் சிதைந்த பாம்பன் ரயில் பாலத்தைச் சீரமைக்க ரயில்வே ஆறு மாதம் குறித்தது, அவருடைய மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். முப்பத்திரண்டு வயதுப் பொறியாளரான ஸ்ரீதரன், கடலுக்குள் விழுந்த இரும்பு உத்திரங்களையே மீட்டெடுத்துப் பொருத்தி, 46 நாட்களில் பணியை முடித்தார்.

மத்திய அரசும் தில்லி அரசும் சரிபாதிப் பங்குடன் 1995-இல் தொடங்கிய தில்லி மெட்ரோ ரயில் கழகத்தின் நிர்வாக இயக்குநராக அவர் 1997-இல் பொறுப்பேற்றார். ஒப்பந்தப்புள்ளிகளை, அதாவது டெண்டர்களை, முடிவு செய்யும் அதிகாரம் கழகத்திடமே இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். இலக்கு நாளுக்கு இன்னும் எத்தனை நாட்கள் உள்ளன என்று பின்னோக்கி எண்ணும் கடிகாரப் பலகைகளை அலுவலகங்களிலும் பணியிடங்களிலும் வைக்கச் செய்தார். ஷாதரா முதல் தீஸ் ஹசாரி வரையிலான முதல் பாதை 2002 டிசம்பர் 24 அன்று தொடங்கி வைக்கப்பட்டது.

பாதை அகலம் பற்றிய சர்ச்சை இதற்கிடையில் எழுந்ததே. மெட்ரோ தனித்து இயங்கும் அமைப்பு என்பதாலும், உலகச் சந்தையில் ரயில் பெட்டிகளும் தொழில்நுட்பமும் எளிதில் கிடைக்கும் என்பதாலும் ஸ்டாண்டர்டு கேஜே தகும் என்று ஸ்ரீதரன் வாதிட்டார். நாடு முழுவதும் ஒரே அகலம் என்ற கொள்கையைப் பற்றி நின்ற ரயில்வே அமைச்சகம் அதை ஏற்கவில்லை. பல அதிகாரிகள் இத்தகைய வேளையில் கோப்பை மீண்டும் மீண்டும் திறந்து காலம் கடத்துவர்; அவரோ தமக்கு எதிரான முடிவையே தம் முடிவாக ஏற்று, முதற்கட்டப் பாதைகளை பிராட்கேஜில் குறித்த காலத்துக்கு முன்பே கட்டி முடித்தார். சிறந்த முடிவுக்காகக் காத்திருப்பதைவிட, எடுத்த முடிவைச் செவ்வனே நிறைவேற்றுவதே நகரத்துக்குப் பயன் தரும் என்று அவர் கருதியதாகவே இதைக் கொள்ள வேண்டும். கொள்கை பின்னர் மாறி, 2010 ஏப்ரலில் இந்தர்லோக்–முண்ட்கா பாதை தில்லியின் முதல் ஸ்டாண்டர்டு கேஜ் மெட்ரோவாகத் திறக்கப்பட்டபோதும் கழகத்தின் தலைமையில் அவரே இருந்தார்.

2009 ஜூலை 12 அன்று தில்லியின் சம்ருத்பூரில் மெட்ரோ கட்டுமானத்தின்போது மேம்பாலப் பகுதி சரிந்து ஆறு பேர் உயிரிழந்தனர். விசாரணைக்குக் காத்திராமலும், கீழுள்ளவர்களைக் கைகாட்டாமலும், அன்றே தார்மிகப் பொறுப்பேற்று அவர் பதவி விலகல் கடிதம் அளித்தார்; முதலமைச்சர் ஷீலா தீட்சித் அதை ஏற்காததால் 2011 இறுதி வரை பணியைத் தொடர்ந்தார்.

கடிகாரத்துக்கு வசப்படாதவையும் உண்டு. ஸ்ரீதரன் ஓய்வுபெற்ற பின் வந்த இளஞ்சிவப்புத் தடத்தில், மயூர் விஹாரை அடுத்த திரிலோக்புரியில், குடியிருப்போரின் மறுவாழ்வு ஏற்பாடு முடிவாகாததால் ஒரு சிறு பகுதி மட்டும் கட்டப்படாமல் நின்றது. இருபுறமும் ரயில்கள் தனித்தனியே ஓடிக்கொண்டிருக்க, அவ்விடைவெளி 2021 ஆகஸ்ட் 6 அன்றுதான் இணைக்கப்பட்டது.