படைச் செலவும் குடியின் வளமும்

ஒரு வீட்டுக்குக் கதவும் தாழ்ப்பாளும் வேண்டும். அடுப்பில் உலையும் வேண்டும். கதவில்லாத வீட்டில் உலை வைத்துப் பயனில்லை. உலை ஏறாத வீட்டுக்குத் தேக்கு மரத்தில் கதவு செய்து மாட்டுவதும் அறிவுடைமை ஆகாது. அரசுக்கு வேண்டிய அங்கங்களை எண்ணிச் சொன்ன வள்ளுவரும் படையோடு குடியையும் கூழையும் சேர்த்தே எண்ணினார். இரண்டும் வேண்டும் என்பதில் ஐயமில்லை. எதற்கு எவ்வளவு என்பதே கேள்வி.

இக்கேள்வி டில்லியில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று. கடத்தூர் வட்டாரத்தில் வெற்றிலையும் மரவள்ளியும் பயிரிடுவோருக்கும், தறியில் அமர்ந்து நாடா தள்ளுவோருக்கும் உரியது. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் என்னும் திட்டம் 2019 ஜனவரியில் திருச்சிராப்பள்ளியில் தொடங்கி வைக்கப்பட்டது. சென்னை, கோயமுத்தூர், ஓசூர், சேலம், திருச்சிராப்பள்ளி ஆகிய ஐந்தும் அதன் மையங்கள். 2004 வரை நமது மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஓசூர் ஒரு புறம், நமது தாய் மாவட்டமாகிய சேலம் மறு புறம், நடுவில் நாம். “ராணுவத்துக்காகச் செலவாகும் பணத்தால் நமக்கு வாழ்வு வருமா, வரிச்சுமைதான் வருமா?” என்று அங்கத்தினர்கள் கேட்கின்றனர். அதற்கு நாம் அறிந்த அளவில் விடை கூற முற்படுகிறோம்.

யுத்தகால வேலையும் யுத்தகாலப் பட்டினியும்

முதலில் நமது தொழிலின் பழைய அனுபவத்தைப் பார்ப்போம். 1939 முதல் 1945 வரை நடந்த இரண்டாம் உலக யுத்தத்தில் இந்திய ஆலைகள் இரவும் பகலும் ஓடின. துணி, கூடாரம், தோல், சணல் என்று எல்லாவற்றையும் ராணுவம் வாங்கிற்று. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் நாடு செழித்ததாகத் தோன்றும். ஆனால் ஆலைத் துணியில் கணிசமான பகுதி படைகளுக்குச் சென்றது. வெளிநாட்டு நூல் வருவது நின்றது. கைத்தறியாளனுக்குச் சிட்டம் கிடைப்பதே அரிதாயிற்று. 1943இல் நூலுக்கும் துணிக்கும் கட்டுப்பாடு வந்தது. சென்னை மாகாணத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பெருகியதற்கு, சங்கத்தின் வழியே பங்கீட்டு நூல் கிடைத்தது ஒரு முக்கிய காரணம். நமது இயக்கம் யுத்தகாலத் தட்டுப்பாட்டில் வளர்ந்த பிள்ளை என்று சொன்னாலும் பிழையாகாது.

அந்தச் செலவுக்குப் பணம் எப்படி வந்தது? பிரிட்டன் தன் பங்கை லண்டனில் கணக்கில் மட்டும் வரவு வைத்தது. அக்கணக்கை ஈடாகக் காட்டி இங்கே ரூபாய் நோட்டுகள் அச்சாயின. யுத்தம் முடிவதற்குள் புழக்கத்திலிருந்த நோட்டு ஏறத்தாழ ஆறு மடங்காயிற்று. சரக்கோ அவ்வாறு பெருகவில்லை, விலைவாசியே ஏறிற்று. 1943இல் வங்காளத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் பஞ்சத்தில் மாண்டனர் என மதிப்பிடுவர். பர்மா அரிசி நின்றது, நிர்வாகம் தவறியது ஆகிய காரணங்களோடு, யுத்தச் செலவால் வந்த விலையேற்றமும் அதற்கு ஒரு காரணம். யுத்த முடிவில் பிரிட்டன் நமக்குத் தரவேண்டியிருந்த பாக்கி சுமார் 130 கோடி பவுன். பட்டினி கிடந்தவனுக்கு அந்தக் கணக்குப் புத்தகம் சோறு போடவில்லை.

பட்டு வளர்ப்போருக்கும் ஒரு பாடம் உண்டு. பாராசூட்டுக்குப் பட்டு வேண்டியிருந்தமையால் மைசூரிலும், அன்று நமது மாகாணத்திலிருந்த கொள்ளேகால் பகுதியிலும் மல்பெரித் தோட்டங்கள் பெருகின. கூட்டுக்கு நல்ல விலை கிடைத்தது. யுத்தம் நின்றது, பாராசூட்டுக்கு நைலான் வந்தது, விலை சரிந்தது. யுத்தத்தை நம்பிப் போட்ட தோட்டம் சமாதானம் வந்ததும் வாடிற்று. பட்டுக்கூடு நமது மாவட்டத்து விவசாயியின் வரும்படியில் ஒன்றாக இருக்கும் இந்நாளிலும் இதை மறத்தலாகாது.

1962க்குப் பின் நேர்ந்தது

சுதந்திர இந்தியா முதல் பதினைந்து ஆண்டுகள் படைச் செலவைச் சுருக்கியே வைத்திருந்தது. அணைகளுக்கும் ஆலைகளுக்கும் பணம் வேண்டியிருந்தது. 1962 அக்டோபரில் சீனப் படையெடுப்பு வந்தது. சுருக்கியதன் விலையும் அன்று தெரிந்தது. போதிய உடையும் தளவாடமும் இல்லாமல் நமது ஜவான்கள் பனிமலையில் நின்றனர். ஆகவே, படைக்குச் செலவிடாதிருப்பதே சிக்கனம் என்று கூறுவோருடன் நாம் உடன்படுவதற்கில்லை.

அதன் பின் செலவு பாய்ந்து ஏறிற்று. 1961-62இல் ஏறத்தாழ 310 கோடி ரூபாயாக இருந்த பாதுகாப்புச் செலவுக்கு, 1963-64 வரவு செலவுத் திட்டத்தில் 867 கோடி ஒதுக்கப்பட்டது. தேசிய வருமானத்தில் 2 சதவிகிதத்தை ஒட்டியிருந்த பங்கு 4 சதவிகிதத்தை நெருங்கிற்று. இதற்கு வழி தேட மொரார்ஜி தேசாய் அவர்கள் கட்டாயச் சேமிப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தார். நிலவரி செலுத்தும் உழவரும் அதில் அகப்பட்டனர். மண்ணெண்ணெய் வரி உயர்ந்தது. விளக்கு வைத்து இரவில் நெய்தவன் அதை உடனே உணர்ந்தான். தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேற்பட்ட நகை செய்யலாகாது என்றதும் ஆயிரக்கணக்கான பொற்கொல்லர்கள் பிழைப்பை இழந்தனர். கட்டாயச் சேமிப்பு அதே ஆண்டில் பெரிதும் தளர்த்தப்பட்டது. தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமோ 1990இல்தான் நீங்கிற்று. தேசத்தைக் காக்கும் செலவு எல்லோருக்கும் பொது. ஆயினும் அதன் பாரம் எல்லோர் தோளிலும் ஒரே அளவாக இறங்குவதில்லை என்பதை இது காட்டும்.

1965இல் பாகிஸ்தானுடன் யுத்தம் மூண்டது. செப்டம்பர் 23இல் அது நின்று பத்து நாட்கள் ஆகுமுன், அக்டோபர் 2இல், தருமபுரி தனி மாவட்டமாயிற்று. நமது மாவட்டம் பிறந்த வேளை எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். அமெரிக்க உதவி தடைப்பட்டது; மழை பொய்த்தது; 1964-65இல் 8 கோடியே 90 லட்சம் டன்னாக இருந்த உணவு தானிய விளைவு மறு ஆண்டில் 7 கோடியே 20 லட்சம் டன்னாகக் குறைந்தது. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டு, 4 ரூபாய் 76 காசாக இருந்த டாலர் 7 ரூபாய் 50 காசாயிற்று. மூன்றாம் ஐந்தாண்டுத் திட்டம் ஆண்டுக்கு 5.6 சதவிகித வளர்ச்சியை நாடிற்று. 3 சதவிகிதத்தைக்கூட எட்டவில்லை. நான்காம் திட்டம் 1969 வரை தொடங்கவே இல்லை. இவை அனைத்துக்கும் படைச் செலவே காரணம் என்று சொல்வது நியாயமன்று. வறட்சியின் பங்கு பெரிது. ஆயினும் இரண்டு யுத்தங்களின் செலவும் இரண்டு ஆண்டு வறட்சியும் ஒருங்கே வந்தபோது, தள்ளிவைக்கப்பட்டவை அணையும் பள்ளியும் வாய்க்காலுமே.

ஆவடி கூறும் மறுபக்கம்

நடுநிலையோடு மறுபக்கத்தையும் கூறவேண்டும். அதே 1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் ராணுவ உடைத் தொழிற்சாலையும், திருச்சிராப்பள்ளியில் துப்பாக்கித் தொழிற்சாலையும் எழுந்தன. ஆவடியில் விஜயந்தா டாங்கிகள் உருவாயின. கடைசல், பற்றவைப்பு, வார்ப்பு, அளவை ஆகிய நுட்பங்களைப் பல்லாயிரம் தமிழ் இளைஞர்கள் அங்கே கற்றனர். சுற்றிலும் சிறு பட்டறைகள் தோன்றின. வெளிநாட்டில் ஒரு விமானத்தை வாங்கினால் அப்பணம் கடல் கடந்து போகும். உள்நாட்டில் ஒரு சட்டையை நெய்து தைத்தால், அப்பணம் பருத்தி விளைத்தவன், நூற்றவன், நெய்தவன், சாயமிட்டவன், தைத்தவன் என்று ஐந்து கை மாறிச் சந்தைக்கு வரும். ஆகவே படைச் செலவு எவ்வளவு என்பதைவிட, அது எங்கே, எதற்காகச் செலவாகிறது என்பதே வளர்ச்சிக்கு முக்கியம்.

அறிஞரும் இதில் ஒருமுகமாக இல்லை. எமில் பெனாய்ட் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர், வளரும் நாடுகள் 44இன் 1950 முதல் 1965 வரையிலான கணக்கை ஆராய்ந்து 1973இல் ஒரு நூல் வெளியிட்டார். படைக்கு அதிகம் செலவிட்ட நாடுகளில் வளர்ச்சியும் அதிகமாயிருந்தது என்றார். அவருக்குப் பின் ஆராய்ந்தோர் பலர் இதை மறுத்தனர்: அந்நாடுகள் பலவற்றுக்கு வெளிநாட்டு உதவி தாராளமாக வந்தது, வளர்ச்சிக்கும் படைக்கும் அவ்வுதவியே காரணம், படைச் செலவு முதலீட்டைக் குறைத்து வளர்ச்சியைப் பின்னுக்கு இழுப்பதே பெரும்பான்மை என்றனர். மழை நன்கு பெய்த ஆண்டில் களையும் வளரும், பயிரும் வளரும். களையால் பயிர் வளர்ந்தது என்று எந்த உழவரும் சொல்லமாட்டார்.

இரு தீவுகள்

ஜப்பான், யுத்தத்தில் தோற்ற பின், படைச் செலவைத் தேச வருமானத்தில் 1 சதவிகித அளவிலேயே நெடுங்காலம் கட்டி வைத்தது. அமெரிக்கப் பாதுகாப்பின் நிழல் அதற்கு இருந்தது என்பதும் உண்மை. மிச்சமான பணம் ஆலைக்கும் கல்விக்கும் சென்றது. பிறநாடுகளுக்குக் கடன் தரும் நிலைக்கு அந்நாடு உயர்ந்தது. நமது மாவட்டத்தின் ஃபுளோரைடு நீருக்கு மாற்றாக 2013இல் தொடங்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியால் நிறைவேறியதே. துப்பாக்கிக்குப் போகாத ஜப்பானியரின் சேமிப்பு நமது குடத்தில் நீராக இறங்குகிறது என்று எண்ணும்போது மனம் நெகிழ்கிறது. அந்நாடே 2022இல், 2027க்குள் அப்பங்கை 2 சதவிகிதமாக்கத் தீர்மானித்தது. அண்டை நாட்டார் பலம் பெருக்கினால் எவரும் கதவைத் திறந்து வைத்திருக்க இயலாது.

இலங்கையின் கதை வேறு. அங்கே உள்நாட்டு யுத்தம் 2009இல் முடிந்த பின்னும் படை சுருங்கவில்லை. 2022இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர இயலாமல் அந்நாடு தவித்தது. அத்தவிப்புக்குக் காரணங்கள் பல. எனினும் 2023 ஜனவரியில், சுமார் 2 லட்சமாக இருந்த ராணுவத்தை 2030க்குள் 1 லட்சமாகக் குறைப்பதாக அரசு அறிவித்தது. யுத்தம் முடிந்தவுடன் செய்திருக்க வேண்டிய கணக்கை, கஜானா காலியான பின் செய்ய நேர்ந்தது.

இன்றைய கணக்கு

2024இல் உலக நாடுகள் படைக்குச் செலவிட்ட தொகை 2 லட்சத்து 71 ஆயிரம் கோடி டாலருக்கு மேல் என ஸ்டாக்ஹோம் சமாதான ஆராய்ச்சி நிலையம் கணக்கிட்டுள்ளது. இந்தியா ஐந்தாம் இடத்தில் உள்ளது. 2025-26 மத்திய வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு 6 லட்சத்து 81 ஆயிரம் கோடி ரூபாய். அரசு செலவிடும் நூறு ரூபாயில் ஏறத்தாழ 13½ ரூபாய். அதில் ஓய்வூதியத்துக்கு மட்டும் 1 லட்சத்து 60 ஆயிரம் கோடி. தளவாடம் போன்ற மூலதனச் செலவுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் கோடி. அதே ஆண்டில் மத்திய ஜவுளி அமைச்சகத்துக்கு 5,272 கோடி. மாநில அரசும் நெசவாளருக்குச் செலவிடுகிறது என்பதை மறைக்கவில்லை. எனினும் ஒன்றுக்கு நூற்றிருபதுக்கு மேல் என்ற இந்த விகிதத்தை நமது பிரதிநிதிகள் முன் வைத்துக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

நாம் செய்யத் தக்கவை

முதலாவது, தேச பாதுகாப்பை நாம் எதிர்க்கவில்லை. நமது பிள்ளைகளும் படையில் சேவை செய்கின்றனர். அவர்கள் அனுப்பும் சம்பளமும் பெறும் ஓய்வூதியமும் கிராமங்களில் கிணறாகவும் வீடாகவும் நிற்கின்றன. ஆனால் படைச் செலவு காப்புறுதி போன்றது. காப்புறுதித் தொகையை ஆண்டுதோறும் கட்டத்தான் வேண்டும்; விதை நெல்லை விற்றுக் கட்டலாகாது.

இரண்டாவது, வழித்தடத்தின் பணம் நம் பக்கம் திரும்ப வேண்டுமானால் நாம் தகுதி பெறவேண்டும். ராணுவமும் அரசு அலுவலகங்களும் கேட்பது ஒரே அகலம், ஒரே எடை, ஒரே சாயம், குறித்த நாளில் சரக்கு. அரசின் மின்னணுக் கொள்முதல் சந்தையில் நெசவாளரும் சங்கங்களும் பதிவு செய்ய இடமுண்டு. தனித் தறிக்காரர் பெரிய டெண்டரை ஏற்க இயலாது. பல சங்கங்கள் ஒன்றுகூடினால் இயலும். கூட்டுறவின் பொருளே அதுதான்.

மூன்றாவது, பிள்ளைகளைத் தொழிற்பயிற்சி நிலையத்துக்கு அனுப்புங்கள். நிலத்தை விற்ற பணம் நான்கு ஆண்டில் கரையும், கைத்தொழில் கரையாது.

நான்காவது, கொள்ளேகால் பட்டை நினைவில் வையுங்கள். ஒரே கொள்முதல்காரரை நம்பித் தறி முழுவதையும் கட்டலாகாது. நல்ல காலத்து லாபத்தில் ஒரு பகுதி சங்கத்தின் ஒதுக்கு நிதிக்குச் செல்லட்டும்.

வாக்குக் கேட்டு வருவோரிடம், கதவுக்கு எவ்வளவு, உலைக்கு எவ்வளவு என்று அமைதியாகக் கேளுங்கள். வாணியாற்று வாய்க்காலும், தறிக்கு நூலும், குழந்தைக்குப் பள்ளியும் நாட்டின் அரண்களே. உண்டு உடுத்துக் கற்ற குடிகள் உள்ள நாட்டைக் காப்பது எந்தப் படைக்கும் எளிது. வரும் மகாஜன சபையில் இதைப் பற்றி அங்கத்தினர்கள் விவாதித்து ஒரு தீர்மானத்துக்கு வரவேண்டும் என்பது நமது விருப்பம்.