டாக்ஸி ஓட்டிய எஞ்சின் பந்தயத்தில் பாய்கிறது!

கால் மைல் தூரம். வளைவு இல்லை. மேடு பள்ளம் இல்லை. நூல் பிடித்தது போன்ற நேர்பாதை.

இரண்டு கார்கள் அருகருகே நிற்கின்றன. நடுவில் ஒரு கம்பம். அதில் மேலிருந்து கீழாக விளக்குகள். மஞ்சள் விளக்குகள் எரிகின்றன. அடுத்து பச்சை!

இரண்டு கார்களும் பாய்கின்றன. பன்னிரண்டு எண்ணி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்து விடுகிறது. ஒருவர் ஜெயித்து விட்டார். மற்றவர் தோற்று விட்டார்.

இதுதான் "டிராக்" பந்தயம். இரண்டாவது உலகப் போர் முடிந்த பிறகு, அமெரிக்காவில் சும்மா கிடந்த விமான தளங்களில் வாலிபர்கள் தொடங்கிய விளையாட்டு இது. இதற்கென்று 1951-ல் ஒரு சங்கமே ஏற்பட்டது. தெருவில் ஓட்டி உயிரை விடும் பையன்களை ஒரு வேலிக்குள் கொண்டுவர வேண்டும் என்பது அந்தச் சங்கத்தின் நோக்கங்களில் ஒன்று.

இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்றுதான் யாருக்கும் தோன்றும். பெரிய கம்பெனிகளின் கார்கள் லட்சக்கணக்கில் பணத்தை விழுங்குவது உண்மைதான். ஆனால் ஆஸ்திரேலியாவில் பந்தய மைதானத்துக்குப் போய்ப் பார்த்தால் வேறொரு காட்சியும் தெரியும். பழைய கார் ஒன்று வந்து நிற்கும். பெயிண்டு மங்கி இருக்கும். அதன் மூடியைத் திறந்தால், உள்ளே இருப்பது முன்பு டாக்ஸியில் ஓடிய எஞ்சின்!

மீன் பெயர் வைத்த எஞ்சின்

அந்த எஞ்சினுக்கு "பாரா" என்று பெயர். பாரமுண்டி என்ற மீனின் பெயரைச் சுருக்கி வைத்தது. நம் கடற்கரையில் கொடுவா என்று சொல்கிறோமே, அதே மீன்தான்.

ஆஸ்திரேலியாவில் ஜீலாங் என்ற ஊரில் போர்டு மோட்டார் கம்பெனி 1925-ல் கால் வைத்தது. "பால்கன்" என்ற கார் 1960-ல் அந்த நாட்டில் தயாராகத் தொடங்கியது. ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கும் எஞ்சின் அதற்கு. வருஷத்துக்கு வருஷம் அதைத் திருத்தித் திருத்திப் பெரிதாக்கினார்கள். 2002-ல் அந்தக் குடும்பத்தின் கடைசிப் பிள்ளையாக "பாரா" வந்தது. நாலு லிட்டர் எஞ்சின். 24 வால்வுகள். சுமார் 244 குதிரைசக்தி.

மெல்போர்ன் நகரில் மஞ்சள் வர்ணம் பூசிய டாக்ஸிகளில் பெரும்பாலானவை அப்போது பால்கன் கார்களே. இரவு பகலாக ஓடின. ஐந்து லட்சம் கிலோ மீட்டருக்கு மேல் ஓடியும் எஞ்சின் சளைக்காத டாக்ஸிகள் உண்டு.

ஆனால் காரை வாங்குவோர் குறைந்தார்கள். 2016-ம் ஆண்டு அக்டோபர் 7-ந் தேதி கடைசி பால்கன் வெளியே வந்தது. தொழிற்சாலை மூடப்பட்டது. அன்று சுமார் 600 தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். தகப்பனும் மகனுமாக வேலை பார்த்த குடும்பங்களும் அவர்களில் இருந்தன.

தொழிற்சாலை போய்விட்டது. எஞ்சின்கள் மட்டும் காயலான் கடைகளில் கிடந்தன. அவற்றைத்தான் பந்தயப் பிரியர்கள் தேடிப் போனார்கள்.

புகையே துருத்தி ஊதுகிறது!

டாக்ஸி எஞ்சின் எப்படிப் பந்தய எஞ்சின் ஆகும்?

அடுப்பு மங்கினால் ஊதுகுழல் எடுத்து ஊதுகிறோம். நெருப்பு குப்பென்று பிடிக்கிறது. விறகு அதேதான். காற்றுதான் அதிகம். எஞ்சினிலும் கதை இதுதான்.

நாலு லிட்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு ஆறாயிரம் சுற்று சுற்றினால், விநாடிக்கு ஏறக்குறைய 200 லிட்டர் காற்றைக் குடிக்கிறது. நம் வீட்டுக் குடத்தால் அளந்தால் பதின்மூன்று குடம். ஒரே விநாடியில்! இதற்கு மேல் அதனால் தானாக இழுக்க முடியாது. இன்னும் சக்தி வேண்டுமென்றால் காற்றை வெளியிலிருந்து திணிக்க வேண்டும்.

அந்த வேலையைச் செய்வதுதான் "டர்போ". ஒரே தண்டில் இரண்டு சிறு சக்கரங்கள். எஞ்சின் வெளியே தள்ளும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அது சுழன்றால் மறு சக்கரமும் சுழல்கிறது. அது காற்றை இழுத்து அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகும்! வீணாகப் போகிற புகைதான் துருத்தி ஊதும் ஆள். அவனுக்குத் தனியாகக் கூலி இல்லை.

இதைக் கண்டுபிடித்தவர் ஸ்விட்சர்லாந்துக்காரர். ஆல்பிரட் பூச்சி என்று பெயர். 1905-ல் உரிமை பதிவு செய்தார். 1918-ல் அமெரிக்காவில் சான்போர்டு மாஸ் என்ற எஞ்சினீயர், 14,000 அடிக்கு மேல் உயரமுள்ள பைக்ஸ் சிகரத்துக்கு ஒரு விமான எஞ்சினைத் தூக்கிக் கொண்டு போனார். மலை உச்சியில் காற்று லேசு. அதனால் 350 குதிரைசக்தி எஞ்சின் 230-க்கு இறங்கிவிட்டது. டர்போவை மாட்டினார். 356-க்கு ஏறியது!

வரிசை எஞ்சினுக்கு இதில் ஒரு வசதி. ஆறு சிலிண்டர்களின் புகையும் ஒரே பக்கமாக வெளியே வருகிறது. ஆகவே ஒரு டர்போ போதும். குழாய் வேலையும் குறைவு. கிராங்க் தண்டை ஏழு இடங்களில் தாங்கிப் பிடிக்கிறார்கள். எஞ்சின் உடம்பு கனத்த வார்ப்பிரும்பு. அடி தாங்கும்.

போர்டு கம்பெனியே இந்த எஞ்சினில் டர்போ பொருத்திய கார் ஒன்றை விற்றது. அது 322 குதிரைசக்தி கொடுத்தது. அந்தக் கார் விபத்தில் சிக்கிக் காயலான் கடைக்கு வந்தால், அதன் டர்போவையும் குழாய்களையும் சல்லிசாக வாங்கி டாக்ஸி எஞ்சினில் மாட்டலாம். காற்று மண்டலத்தின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு. அதற்கு மேல் ஏழு பவுண்டு சேர்த்தால், ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காற்று உள்ளே போகும். 240 குதிரைசக்தி 340-ஐ நெருங்கும்.

எதில் மிச்சம் பிடிப்பது?

ஒரு தொழிலாளி இருக்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். பிள்ளைகளின் பள்ளிச் செலவு போக மாதா மாதம் கொஞ்சம் சேர்த்து எஞ்சினும் டர்போவும் வாங்கிவிட்டார். கையில் சொற்பப் பணம் மிச்சம். இனி எதற்குச் செலவு செய்வார்?

பளபளக்கும் சக்கரங்கள் வாங்கினால் அவர் பணம் போச்சு!

காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். டாக்ஸியில் இருந்த பழைய பம்பு அவ்வளவு பெட்ரோலைத் தள்ளாது. பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர்களும் போதாது. கேஸில் ஓடிய எஞ்சின் என்றால் இவை எல்லாமே புதிதாக வேண்டும். காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் புதுக் கணக்கு சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்குத் தேர்ந்த ஆள் வேண்டும். அவருடைய கூலியில் பேரம் பேசுவது புத்திசாலித்தனம் அல்ல.

பெட்ரோல் குறைந்தால் என்ன ஆகும்?

சாதாரணமாக, பொறி பட்ட இடத்திலிருந்து நெருப்பு சீராகப் பரவும். பெட்ரோல் குறைந்து சூடு மிஞ்சினால், நெருப்பு வந்து சேருமுன் மூலையில் இருக்கும் கலவை தானாகவே வெடிக்கும். மெக்கானிக்குகள் இதை "நாக்கிங்" என்பார்கள். தகர டப்பாவில் கோலிக்குண்டு போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம். பிஸ்டன் அலுமினியத்தால் ஆனது. சுத்த அலுமினியம் 660 டிகிரியில் உருகும். உள்ளே எரியும் நெருப்போ 2,000 டிகிரிக்கு மேல்! இரண்டுக்கும் நடுவே மெல்லிய வாயுப் படலம் ஒன்றுதான் காப்பு. நாக்கிங் அந்தப் படலத்தைக் கிழித்து விடும். பிஸ்டனில் ஓட்டை விழச் சில விநாடி போதும். ஒரு வருஷச் சேமிப்பு அந்த ஓட்டை வழியே போய்விடும்.

டாக்ஸி எஞ்சினுக்கு இந்த ஆபத்து அதிகம். கம்பெனியின் டர்போ எஞ்சின், கலவையை ஒன்பதில் ஒரு பங்குக்குக் கூட அமுக்குவதில்லை. டாக்ஸி எஞ்சினோ பத்தில் ஒரு பங்காக அமுக்குகிறது. அதனால் ஏழு பவுண்டுக்கு மேல் பேராசைப்படக் கூடாது. அமுக்கிய காற்று சூடாகும் என்பதால், ரேடியேட்டர் போன்ற "இன்டர்கூலர்" ஒன்றில் அதைக் குளிர வைக்கிறார்கள். பலர் எரிசாராயம் 85 சதவிகிதம் கலந்த எரிபொருள் போடுகிறார்கள். அது எஞ்சினைக் குளிர வைக்கும். நாக்கிங் எளிதில் வராது. ஆனால் லிட்டர் கணக்கில் கூடுதலாகக் குடிக்கும்!

வால்வு ஸ்பிரிங்குகளும், ஆயில் பம்பின் பல்சக்கரமும் இந்த எஞ்சினின் பலவீனங்கள். முதலில் இவற்றை மாற்றிவிடுவது வழக்கம்.

மெதுவான காரும் ஜெயிக்கலாம்!

இத்தனைக்குப் பிறகும் பக்கத்தில் நிற்பவர் பெரும் பணக்காரராக இருந்தால்?

அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். "என் கார் இத்தனை விநாடியில் போகும்" என்று ஓட்டுகிறவர் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருவர் 14 விநாடி, மற்றவர் 10 விநாடி என்றால், 14 விநாடிக்காரருக்கு நாலு விநாடி முன்னதாகவே பச்சை விளக்கு எரியும். பொய் சொல்லித் தப்ப முடியாது. சொன்னதைவிட வேகமாகப் போனால் தோல்வி! தன் காரைத் தெரிந்தவன்தான் ஜெயிப்பான்.

குயின்ஸ்லாந்தில் வில்லோபாங்க், சிட்னியில் ஒரு மைதானம், விக்டோரியாவில் ஹீத்கோட் ஆகிய இடங்களில் பந்தயம் நடக்கிறது. முதலில் காரைச் சோதிப்பார்கள். தலைக்கவசம் இல்லாமல் விடமாட்டார்கள். வேகம் ஏற ஏற நிபந்தனையும் ஏறும். அதிவேகக் கார்களுக்கு உள்ளே இரும்புக் கூண்டு கட்டியாக வேண்டும். இதையெல்லாம் தொந்தரவு என்று நினைத்துத் தெருவில் ஓட்டினால் வேறு விதமான தொந்தரவு. விக்டோரியாவில் 2006-ம் ஆண்டு முதல் தெருப் பந்தயம் ஓட்டுகிறவரின் காரைப் போலீசார் பிடித்து வைத்துக்கொள்ளலாம்.

ஓட்டம் முடிந்ததும் ஒரு துண்டுச் சீட்டு கிடைக்கும். எத்தனை விநாடி, என்ன வேகம் என்று அதில் அச்சடித்திருக்கும். வாலிபர்கள் சீட்டைப் பார்த்துக் குதிப்பார்கள். அனுபவசாலி அதை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எஞ்சின் மூடியைத் திறப்பார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் பிடிப்பார். மிளகுத் தூள் தூவியதுபோல் சின்னஞ்சிறு அலுமினியப் புள்ளிகள் அதில் மின்னுகின்றனவா என்று பார்ப்பார். மின்னினால், உள்ளே பிஸ்டன் கரையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அன்று அவர் மறுபடி வரிசையில் நிற்கமாட்டார்.

பீங்கான் சுத்தமாக இருந்தால், அடுத்த பிளக்கைக் கழற்றுவார். மொத்தம் ஆறு இருக்கிறதே!