பார்த்தவுடன் மறையும் படங்கள்

நம் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்து, புருவத்தைத் தூக்கி, உதட்டைச் சுழித்து, படமெடுத்து அனுப்பிவிட்டுத் தமக்குள் சிரித்துக்கொள்வதை நாம் அன்றாடம் காண்கிறோம். பெரும்பாலும் அது ஸ்னாப்சாட் என்னும் செயலியாக இருக்கும். இந்தியாவில் மாதந்தோறும் இதைப் பயன்படுத்துவோர் 20 கோடியைத் தாண்டிவிட்டதாக 2023ஆம் ஆண்டில் அந்நிறுவனம் அறிவித்தது. அதைக் கண்டு முகம் சுளிக்கும் முன், பிள்ளைகள் அதில் என்ன மகிழ்ச்சி காண்கிறார்கள் என்று சற்று அறிந்துகொள்வோம்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கி, 2011ஆம் ஆண்டில் வெளிவந்த செயலி இது. நண்பர் பார்த்து முடித்ததும் படம் மறைந்துவிடும் என்பதே இதன் தனித்தன்மை. தொடக்கத்தில் ஒரு படம் 10 வினாடிக்கு மேல் நிற்காது. 2017 முதல், பார்ப்பவர் மூடும்வரை நிற்கும்படியும் அனுப்பலாம்.

மறையப்போகும் படத்தை ஏன் எடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் கேட்பது இயல்பே. நமக்குப் புகைப்படம் என்றால் ஆல்பத்தில் காக்க வேண்டிய ஒன்று. அதனால்தான் ஸ்டுடியோவில் தலைவாரி, மூச்சடக்கி நின்றோம். இதுவோ திண்ணைப் பேச்சைப் போன்றது. பேச்சை யாரும் பெட்டியில் பூட்டி வைப்பதில்லையே! தூக்கம் கலையாத முகம், கருகிய தோசை, விடுதிச் சாம்பார், மழையில் நின்றுபோன பேருந்து என்று எதையும் அனுப்பலாம். அழகாய் இருக்க வேண்டியதில்லை. படிப்பு முடிந்து ஆளுக்கொரு ஊராகப் பிரிந்த நண்பர்களுக்கு, கடிதம் எழுதும் அளவு செய்தி இல்லாத நாளிலும் 'இருக்கிறேன்' என்று சொல்ல இது போதும். இது நல்ல மகிழ்ச்சி என்றே நாம் கருதுகிறோம்.

ஆனால் 'மறையும்' என்ற சொல்லை முழுவதும் நம்பிவிடலாகாது. பெறுபவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அனுப்பியவருக்கு அறிவிப்பு வரும். இன்னொரு கைப்பேசியால் திரையைப் படமெடுத்தால் அதுவும் வராது. மறைந்துவிடும் என்ற வாக்குறுதி பயனாளர்களைத் தவறாக வழிநடத்தியது என்று அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 2014ஆம் ஆண்டில் இந்நிறுவனத்தின்மீது நடவடிக்கை எடுத்ததும் உண்டு. பிறர் பார்க்கக் கூடாத படத்தை இதிலும் அனுப்பாதிருப்பதே பாதுகாப்பு.

மற்றொன்று, ஸ்ட்ரீக் எனப்படும் தொடர். இருவரும் நாள்தோறும், 24 மணி நேரத்துக்குள், ஒருவருக்கொருவர் படம் அனுப்பிவந்தால், பெயருக்கு அருகில் சிறு தீச்சுடரும் நாள்களின் எண்ணிக்கையும் தோன்றும். ஒரு நாள் தவறினால் சுடர் அணைந்துவிடும். எழுத்தில் எவ்வளவு பேசினாலும் இந்தக் கணக்கில் சேராது. முதலில் இது விளையாட்டு. எண்ணிக்கை நூறைத் தாண்டிய பின் இழக்க மனம் வராது. அப்போது சுவரையோ கூரையையோ படமெடுத்துப் பத்துப் பேருக்கு ஒன்றாக அனுப்புவதும், தேர்வுக் காலத்தில் கடவுச்சொல்லை நண்பரிடம் கொடுத்துத் தொடரைக் காக்கச் சொல்வதும் நடக்கிறது. முகமும் இல்லை, செய்தியும் இல்லை. எண் மட்டும் ஏறுகிறது.

இச்செயலி தோன்றுவதற்கு முன்பே, 2009ஆம் ஆண்டின் உலக சமூகத் தொடர்பு நாள் செய்தியில் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் இணையவழி நட்பைப் பற்றிப் பேசினார். புதிய கருவிகளை அவர் வரவேற்றார். அதேவேளை, நட்பு என்ற சொல் மலிந்துவிடக் கூடாது, வீட்டாரையும் அயலாரையும் சந்திக்கும் நேரத்தை அது விழுங்கிவிடக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார்.

விடுமுறைக்கு வீடு வந்திருக்கும் பிள்ளைகளிடம், தொடரில் உள்ள நண்பர்களில் எத்தனை பேரிடம் இந்த மாதம் குரல் கேட்டுப் பேசினார்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டுப் பார்க்கலாம். அப்படியே, நமக்கும் ஒரு படம் அனுப்பச் சொல்லலாம்.