நறுமணமும் நாவின் நினைவும்



நறுமணம் என்றதும் மல்லிகையும் சந்தனமும் அகிலும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் இக்காலத்தில் விரும்பி வாங்கப்படும் வாசனைத் திரவியங்கள் பல, பூவின் மணத்தை விடுத்துப் பலகாரத்தின் மணத்தை வீசுகின்றன. வனிலா, சொக்கலேற், காய்ச்சிய சீனிப்பாகு ஆகியவற்றின் வாசனையை ஒருவர் தம் மேனியிலே பூசிக்கொள்ள விரும்புவானேன்? இதனை இன்று சிறிது ஆராய்வோம்.

உண்ணும் பொருளை மணத்துக்காக நாடுவது புதிய வழக்கமன்று. ஏலம், இலவங்கம், சாதிக்காய், தக்கோலம், கற்பூரம் என்னும் ஐந்தையும் பஞ்சவாசம் எனப் போற்றி, தாம்பூலத்தோடு சேர்த்து வாய்மணம் பெற்றனர் நம் முன்னோர். மேனாட்டிலே, 1874ஆம் ஆண்டில் தீமன், ஹார்மன் என்னும் ஜெர்மானிய இரசாயன அறிஞர் இருவர், ஊசியிலை மரச்சாற்றிற் கிடைத்த ஒரு பொருளைக் கொண்டு, வனிலா மணத்துக்கு மூலமான வனிலினைச் செயற்கையாக ஆக்கினர். 1925இல் பாரிசின் கெர்லேன் நிறுவனம் வெளியிட்ட ‘ஷாலிமார்’ வனிலா மணத்தாற் புகழ்பெற்றது. 1992இல் தியெரி முக்லேரின் ‘ஏஞ்சல்’ வெளிவந்தது. பஞ்சுமிட்டாயின் மணத்தைத் தரும் எதைல் மால்ட்டோல் என்னும் பொருள் அதிலே தாராளமாகச் சேர்க்கப்பட்டிருந்தது. தம் சிறுபராயத்துக் களியாட்ட விழாக்களின் நினைவையே முக்லேர் அம்மணத்தில் நாடினார் என்பர்.

மணத்தில் நினைவு குடியேறுவது எங்ஙனம்? இனிப்பை அறிவது நாக்கு, மூக்கன்று. உண்ணும்போது உணவின் ஆவி தொண்டை வழியே மேலேறி மூக்கை அடைகிறது. சீனியும் வனிலாவும் பலமுறை ஒன்றாகவே வருவதால், வனிலாவின் மணமே இனிப்பென்று மனம் பழகிவிடுகிறது. அன்றியும், மணத்தை உணரும் நரம்புகள், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய மூளைப்பகுதிகளோடு மிக நெருங்கிய தொடர்புடையவை.

இதற்குச் சான்று தேடி நாம் ஹாலிஎலயை விட்டு வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. யூலை முதல் செப்டெம்பர் வரை ஊவா மலைச்சரிவுகளில் வறண்ட காற்று வீசும். அக்காலத்துக் கொழுந்தில் ஆக்கிய தேயிலைக்குக் குளிர்ச்சியானதொரு தனிமணம் உண்டு. அம்மணத்துக்குப் பெரிதுங் காரணமாவது மெதைல் சலிசிலேற்று என்னும் பொருள். ஊவாத் தேயிலைக்குப் பெருமை தேடித்தரும் இப்பொருளே மூட்டுவலிக்குத் தேய்க்கும் தைலங்களிலும் உள்ளது. 1966இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில் இம்மணம் வெறுக்கப்பட்டவற்றுள் ஒன்றாயிருந்தது; 1978இல் வெளியான அமெரிக்க ஆய்விலோ மிக விரும்பப்பட்டவற்றுள் ஒன்றாயிற்று. முன்னவர்க்கு அது மருந்தின் மணம்; பின்னவர்க்கு மிட்டாயின் மணம். பொருள் ஒன்றே, பழக்கம் வேறு.

ஆகவே, பலகார மணத்தை நாடுவோர் பலகாரத்தை மட்டும் நாடுவதில்லை. தமக்கு ஒருவர் அன்போடு ஊட்டிய காலத்தையும் நாடுகின்றனர். வனிலாக் குப்பியில் அடைபட்டிருப்பது மேனாட்டுச் சமையலறையின் நினைவு. நம் நினைவோ தைப்பொங்கற் பானையில் ஏலத்தோடும் தேங்காய்ப்பாலோடும் கித்துள் கருப்பட்டியோடும் கலந்து கிடக்கிறது. விடியுமுன்னே மலையேறிக் கொழுந்தெடுக்கச் செல்லும் தாய்மார்க்கு நாள்தோறும் பலகாரஞ் செய்ய நேரமேது? எனினும், திருநாளிலேனும் பிள்ளைகளை அடுப்பங்கரையில் அருகிருத்தி, ஏலம் பொடிக்கவும் கருப்பட்டி உடைக்கவும் விடுங்கள். பொட்டலத்து இனிப்பின் மணத்தை மட்டும் அறிந்து வளரும் பிள்ளைக்கு, நாளை வீட்டை நினைவூட்ட எந்த மணம் எஞ்சியிருக்கும்?