‘அப்டேட் வந்தா சரியாயிடும் சார்!’

மின்சாரக் கார் வாங்கியவர்கள் சர்வீஸ் சென்டரில் அடிக்கடி கேட்கும் பதில் இது. வண்டி ஓடும்போதே நடுத்திரை கறுத்துவிடுகிறது. ரிவர்ஸ் கேமரா உறைந்து நிற்கிறது. ஏசியைக் குறைக்கச் சொன்னால் யாருக்கோ போன் போகிறது. அந்தப் பதிலை நம்பி, கையில் ஒரு காகிதமும் இல்லாமல் வீடு திரும்புகிறார்கள் நம்மவர்கள். பிற்பாடு வழக்கு தோற்பது இதனால்தான்.

வாங்குமுன் ஒன்றைப் பாருங்கள்: வைப்பருக்கும் அபாய விளக்குக்கும் தனிப் பொத்தான் உண்டா? இண்டிகேட்டர், ஹாரன் உட்பட இப்படிச் சில முக்கிய வசதிகளைத் திரைக்குள் ஒளித்துவைக்கும் கார்களுக்கு, ஐரோப்பாவின் ‘யூரோ என்கேப்’ பாதுகாப்புச் சோதனை 2026 முதல் முழு மதிப்பெண் தருவதில்லை. மழையில் வைப்பரைக் குரலால் கெஞ்சி ஓட்ட முடியாது.

வாங்கியாயிற்றா? சர்வீஸ் சென்டரில் உங்கள் புகாரை எழுதும் ஜாப் கார்டுதான் உங்கள் சாட்சி. ‘ஓடும்போது திரை அணைகிறது’ என்று நீங்கள் சொன்னபடியே அதில் எழுதச் சொல்லுங்கள். ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் திரையில் தெரியும் மென்பொருள் பதிப்பு எண்ணைப் படம் எடுங்கள். கோளாறை வீடியோ எடுப்பது பக்கத்தில் இருப்பவரின் வேலை, ஓட்டுபவருடையது அல்ல.

தீரவில்லையென்றால் தயாரிப்பாளர், டீலர் இருவருக்கும் மின்னஞ்சலும், பதிவு வசதியுடன் ஸ்பீடு போஸ்ட்டும் அனுப்புங்கள். அடுத்து 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே பதிந்தால் வழக்குப் போட்டதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை! அது சமரச முயற்சி மட்டுமே. தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை.

வழக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கேதான். 10 முதல் 20 லட்சம் வரை கட்டணம் 400 ரூபாய். 20க்கு மேல் 50 லட்சம் வரை 1,000. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயமில்லை. ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். ஜாப் கார்டுகள், விலைப்பட்டியல், வாரண்டி, கடித நகல்களை இணையுங்கள். வழக்குக்கான காரணம் எழுந்த 2 ஆண்டுக்குள் போட வேண்டும். அடுத்த அப்டேட்டுக்காகக் காத்திருந்து இந்தக் கெடுவைத் தொலைத்துவிடாதீர்கள்.

பாதுகாப்பைப் பாதிக்கும் கோளாறு என்றால் மத்திய அரசின் ‘வாஹன்’ தளத்திலும் புகார் பதியுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 110ஏ பிரிவின்படி வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்ல மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் புகார்கள் எண்ணிக்கையாகச் சேர்ந்தால்தான் அங்கே கோப்பு நகரும். வாட்ஸ்அப் குழுவில் புலம்பும் புகார் எந்தக் கணக்கிலும் வராது.